சர்வருக்கு எந்த லினக்ஸ், வீட்டுக்கு எந்த லினக்ஸ்? நம் அனுபவங்கள்

அம்பத்தூரிலிருந்து:

எஸ்டேட்டில் ஒரு லேத் பட்டறைக்குச் சர்வர் பார்த்துக்கொள்கிறேன். பில்லிங், ஸ்டாக், வருகைப் பதிவு மூன்றும் ஒரே மெஷினில். 2020 தொடக்கத்தில் அதில் சென்ட்ஓஎஸ் 8 என்ற இலவச லினக்ஸ் போட்டேன். 2029 வரை அப்டேட் வரும் என்பது அப்போதைய கணக்கு. ஓனரிடமும் அப்படியே சொல்லியிருந்தேன். அதே வருஷம் டிசம்பர் 8-ல் அறிவிப்பு வந்தது: 2021 டிசம்பர் 31-க்குப் பிறகு சென்ட்ஓஎஸ் 8-க்கு அப்டேட் கிடையாது. ஓனரிடம் அதைப் போய்ச் சொல்லவே எனக்கு இரண்டு நாள் ஆனது.

அவசரப்படாமல் காத்திருந்தேன். 2021 மார்ச்சில் அல்மாலினக்ஸ் வந்தது, ஜூனில் ராக்கி லினக்ஸ். இரண்டுமே சென்ட்ஓஎஸ் போலவே ரெட் ஹேட் கம்பெனியின் லினக்ஸ் வழி வந்தவை, அதனால் பில்லிங் சாஃப்ட்வேரை மாற்ற வேண்டியிருக்கவில்லை. ரிச்சி தெருவில் ஒரு பழைய பிசி வாங்கி, பேக்கப்பை அதில் இறக்கி, அல்மாவுக்கு மாற்றும் ஸ்கிரிப்டை முதலில் அங்கே ஓட்டினேன். ஒரு வாரம் பில் போட்டுப் பார்த்த பிறகுதான், ஒரு ஞாயிற்றுக்கிழமை நிஜ சர்வரில் கை வைத்தேன். ஒரு பில் கூடக் காணாமல் போகவில்லை.

அடுத்து வாங்கிய சர்வரில் டெபியன். 1993-லிருந்து தன்னார்வலர்கள் நடத்துவது, எந்தக் கம்பெனிக்கும் சொந்தமில்லை. ஒரு வெளியீட்டுக்கு மூன்று வருஷம் அப்டேட், எல்டிஎஸ் எனப்படும் நீண்ட கால ஆதரவைச் சேர்த்தால் ஐந்து. 'ஸ்டேபிள்' என்றால் கிராஷ் ஆகாது என்று பலர் நினைக்கிறார்கள். வெர்ஷன் மாறாது என்பதுதான் அதன் பொருள். பாதுகாப்பு ஓட்டை ஏதாவது தெரிந்தால், இருக்கிற வெர்ஷனிலேயே அதை மட்டும் அடைத்துத் தருவார்கள். இது தெரியாமல் எங்கள் ஆடிட்டில், தூரத்திலிருந்து சர்வருக்குள் நுழைய உதவும் ஓபன்எஸ்எஸ்எச் பழசு என்று எழுதிவிட்டார்கள். பேக்கேஜின் சேஞ்ச்லாகை, அதாவது மாற்றங்களின் பட்டியலைத் திறந்து, அந்த ஓட்டைக்கான அடையாள எண்ணுக்கு (சிவிஇ) திருத்தம் வந்திருப்பதைக் காட்டிய பிறகுதான் அந்த வரியை நீக்கினார்கள்.

மடிப்பாக்கத்திலிருந்து:

அண்ணா, வீட்டில் என் அனுபவம் வேறு. அப்பா ரிட்டயர் ஆன பின் எங்கள் ஊர்க் கோயில் வரலாற்றை டைப் செய்கிறார், தமிழ்99 விசைப்பலகையில். புதுசுதான் நல்லது என்று எல்டிஎஸ் அல்லாத உபுண்டு போட்டுக் கொடுத்தேன். அதற்கு ஒன்பது மாதம்தான் அப்டேட். ஒவ்வொரு அப்கிரேடிலும் ஏதாவது ஒரு பட்டன் இடம் மாறும், உடனே போன் வரும். எழுபது வயதில் அது பெரிய சிரமம். நான் யோசித்திருக்க வேண்டும். இப்போது லினக்ஸ் மின்ட். உபுண்டு எல்டிஎஸ் மேல் கட்டியது, ஐந்து வருஷம் அப்டேட் வரும். தமிழில் டைப் செய்ய உதவும் ஐபஸ்-எம்17என் போட்டதும் தமிழ்99 வந்துவிட்டது. அப்பா நூறு பக்கம் தாண்டிவிட்டார்.

என் லேப்டாப்பில் டெபியன் போட ஆசை. வைஃபை எடுக்காதோ என்றுதான் தயக்கம்.

அம்பத்தூரிலிருந்து:

2023-ல் வந்த டெபியன் 12-லிருந்து வைஃபை கார்டை இயக்கத் தேவையான ஃபர்ம்வேர் இன்ஸ்டாலரிலேயே இருக்கிறது தம்பி. முன்பு போலத் தனியாகத் தேடிப் பென்டிரைவில் எடுத்து வர வேண்டாம். இருந்தாலும், இன்ஸ்டால் செய்யாமலே ஓட்டிப் பார்க்கும் லைவ் இமேஜில் பூட் செய்து, வைஃபையோடு சவுண்ட், சஸ்பெண்ட் இரண்டையும் பார்த்துவிட்டு அப்புறம் போடுங்கள்.