‘வொர்க்ஹவுஸ் இன்ஃபர்மரி’: ‘வேலைக்கொட்டடி மருத்துவமனை’ எனலாமா?

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

பிரிட்டனில் 1948 ஜூலை 5 அன்று தேசிய சுகாதார சேவை தொடங்குவதற்கு முந்தைய காலத்தைப் பற்றி எழுதும்போது, ‘வொர்க்ஹவுஸ் இன்ஃபர்மரி’யை, அதாவது பிழைக்க வழியற்ற ஏழைகளைத் தங்கவைத்து வேலை வாங்கிய ‘வொர்க்ஹவுஸ்’ என்ற நிறுவனத்தின் மருத்துவப் பிரிவை, ‘ஏழையர் விடுதி மருத்துவமனை’ என்று வழங்கலாம் என நம் குழுவில் முன்மொழியப்பட்டது. பொருள் விளங்குகிறது. ஆனால் அந்தப் பெயரைக் கேட்டாலே ஏழைகளுக்கு உண்டான நடுக்கம் இந்தச் சொல்லில் இல்லை.

உள்ளே இருப்பவரின் நிலை, வெளியே உழைத்துப் பிழைக்கும் கடைநிலைக் கூலியாளின் நிலையைவிடத் தாழ்ந்திருக்க வேண்டும் என்பதையே 1834-ஆம் ஆண்டின் ஏழையர் சட்டம் கொள்கையாகக் கொண்டிருந்தது. வந்தவரின் உடையை வாங்கிக்கொண்டு, குளிக்கவைத்து, சீருடை கொடுத்து, கணவனை ஒரு பகுதிக்கும் மனைவியை இன்னொரு பகுதிக்கும் அனுப்பிய இடத்தை ‘விடுதி’ என்று எழுத எனக்குக் கை வரவில்லை. அங்கே இறந்தவரின் உடலைக் கேட்டு யாரும் வராவிட்டால் அதை உடற்கூறியல் பள்ளிக்குக் கொடுக்க 1832-ஆம் ஆண்டின் சட்டம் இடமளித்திருந்ததால், நோயைவிட அந்தக் கட்டடத்துக்கே பலர் அஞ்சினார்கள். அங்கே பிறந்த குழந்தைகளின் சான்றிதழில் நிறுவனத்தின் பெயரை விட்டுவிட்டு வெறும் தெரு முகவரியை எழுதும் வழக்கம் 1904-இல் வந்ததென்றால், அந்தப் பெயர் எவ்வளவு பெரிய இழுக்காக இருந்திருக்க வேண்டும்!

‘ஆதுலர் சாலை’ என்ற மற்றொரு பரிந்துரை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. நோயாளி, வறியவர் என்ற இரு பொருளும் ‘ஆதுலர்’ என்பதில் உண்டு. ஆயினும் முப்பத்திரண்டு அறங்களுள் ஒன்றாக நம்மவர் போற்றிய சொல்லை இந்த இடத்துக்குச் சூட்ட மனம் ஒப்பவில்லை. நன்கொடையால் நடந்த ‘வாலன்டரி ஹாஸ்பிட்டல்’களுக்கு அதை வைத்துக்கொள்ளலாம்.

‘சிறைக்கொட்டடி’ என்று சொல்லிப் பழகிய காதுக்கு, ‘வேலைக்கொட்டடி’ என்றதும் அடைபட்ட உணர்வும் கட்டாய உழைப்பும் ஒருங்கே தோன்றும். சட்ட ஆவணங்களை மொழிபெயர்க்க இது கடுமையானது என்ற மறுப்பு எழலாம். 1929-ஆம் ஆண்டின் சட்டத்தால் இவை உள்ளாட்சி மன்றங்களிடம் வந்தபின் வழங்கிய அலுவல் பெயரைப் ‘பொது உதவி நிறுவனம்’ என்றே எழுதுவோம். ஆனால் பெயர் மாறியும் மக்கள் வாயில் பழைய பெயர்தான் நின்றது. அதே கட்டடங்கள் பல, 1948-க்குப் பின் தேசிய சேவையின் மருத்துவமனைகளான பிறகும், அங்கே சேர முதியவர்கள் தயங்கினார்கள். அவர்களின் பேச்சையும் நினைவுகளையும் தமிழில் தரும் இடங்களிலாவது ‘வேலைக்கொட்டடி’யை ஏற்கலாமா என்று உறுப்பினர்கள் கூற வேண்டுகிறேன்.