கியர் மாறும்போது உதறுது, கியர்பாக்ஸையே இறக்கணும்னு சொல்றாங்க. பணம் கட்டுறதுக்கு முன்னாடி எதெல்லாம் பாக்கணும்?

சாலைப்பறவை:
எல்லாருக்கும் வணக்கம். என்கிட்ட இருக்கிறது ஆட்டோமேட்டிக் கார், டார்க் கன்வெர்ட்டர் (என்ஜின் சக்தியை ஆயில் வழியா கியர்பாக்ஸுக்குக் கடத்துற பாகம்) டைப், ஆறு கியர், ஒண்ணேகால் லட்சம் கிலோமீட்டர் தாண்டிடுச்சு. கொஞ்ச நாளாவே கியர் மாறுறது சரியில்ல. ரெண்டுல இருந்து மூணுக்குப் போகும்போது ஆர்பிஎம் மட்டும் சர்ருனு மேல போகுது, வண்டி வேகம் ஏறல, அப்புறம் டக்குனு விழுந்து ஒரு இடி இடிக்குது. காலைல எடுத்தவுடனே இது வராது, நல்லா ஓடி சூடானதுக்கு அப்புறம்தான் வருது. பார்க்ல இருந்து ரிவர்ஸ் போட்டா அடியில தடக்னு ஒரு சத்தம், வண்டியே குலுங்குது. இது போக அறுபது எழுபது வேகத்துல ஆக்சிலரேட்டர்ல லேசா கால் வச்சு ஒரே சீரா போகும்போது, ரோட்டுல வரிசையா சின்னச் சின்ன மேடு போட்டிருப்பாங்களே அது மேல ஏறிப் போற மாதிரி ஒரு நடுக்கம், ரெண்டு செகண்ட் இருக்கும், தானா போயிடும்.

ஒர்க்ஷாப்ல காட்டினேன். ஒரு ரவுண்டு ஓட்டிட்டு வந்து கியர்பாக்ஸ் போச்சு, இறக்கி ஓவர்ஹால் பண்ணணும்னு சொல்லிட்டாங்க. ஸ்கேனர் மாட்டல, ஆயில் பாக்கல, பானட்டைக்கூட தொறக்கல. சொன்ன தொகையைக் கேட்டு தூக்கமே வரல. ஓவர்ஹால்தான் வேணும்னா பண்ணிடுறேன், ஆனா அதுதான் வேணும்னு எப்படி உறுதி பண்றது? நானே செக் பண்ண முடிஞ்சது ஏதாவது இருந்தா சொல்லுங்க.

நட்டுபோல்ட்டு:
முதல்ல ஒண்ணு, இன்னும் எதுக்கும் சரின்னு சொல்லிடாதீங்க, அட்வான்ஸும் கொடுக்காதீங்க. ஓட்டிப் பாத்து மட்டும் ஓவர்ஹால்னு முடிவு பண்ண முடியாது, எவ்ளோ பெரிய மெக்கானிக்கா இருந்தாலும் சரி.

நீங்க சொன்னதுல மூணு தொந்தரவு இருக்கு சகோ. மூணும் ஒண்ணா வர்றதால ஒரே வியாதின்னு நினைக்கத் தோணும், ஆனா மூணுக்கும் மூணு காரணம் இருக்கலாம். தனித்தனியா பாருங்க.

ரிவர்ஸ் போடும்போது வர்ற தடக் சத்தத்துக்கு நான் முதல்ல சந்தேகப்படுறது என்ஜின் மவுண்ட், கியர்பாக்ஸ் மவுண்ட். அந்த ரப்பர் கிழிஞ்சிருந்தா டார்க் (சுழல் விசை) மாறும்போது என்ஜின் ஒரு பக்கம் தூக்கி அடிக்கும், உள்ள கியர்பாக்ஸ் நல்லாவே இருந்தாலும் வெளிய இடிக்கிற மாதிரிதான் தெரியும். செக் பண்றது ஈசி. பானட்டைத் தொறந்து வச்சுட்டு ஒருத்தர் உள்ள உக்காந்து பிரேக்கை நல்லா மிதிச்சுக்கணும், ஹேண்ட்பிரேக்கும் போட்டிருக்கணும், ஆக்சிலரேட்டரைத் தொடவே கூடாது, டிரைவ், ரிவர்ஸ், டிரைவ்னு மெதுவா மாத்தணும். நீங்க பக்கவாட்டுல நின்னு பாருங்க, வண்டிக்கு முன்னாடி நிக்காதீங்க. என்ஜின் லேசா அசையத்தான் செய்யும், ஆனா எகிறி எழுந்து உக்காந்தா மவுண்ட் போயிருக்கு. ஐடிலிங் ஆர்பிஎம் அதிகமா இருந்தாலும் இதே சத்தம் வரும், அதனால மீட்டரையும் ஒரு தடவ பாத்துக்குங்க.

இன்னொன்னு, ரிவர்ஸ் போட்டதுல இருந்து பல்லு பிடிக்க எவ்ளோ நேரம் ஆகுது? ஒரு செகண்ட்னா பரவால்ல. ரெண்டு மூணு செகண்ட் சும்மா நின்னுட்டு அப்புறம் இடிச்சா ஆயில் கம்மியா இருக்கு, இல்ல உள்ள பிரஷர் லீக் ஆகுது.

ஆயில்கறை:
ஆயிலைப் பாக்காம கியர்பாக்ஸ் போச்சுன்னு சொன்னாங்கன்னு படிச்சதும் கோவமே வந்துடுச்சு. ஆட்டோமேட்டிக்ல ஆயில் வெறும் வழவழப்புக்கு இல்லைங்க, உள்ள இருக்கிற கிளட்ச் பிளேட்டை அழுத்துறது, கியர் மாத்துறது, டார்க் கன்வெர்ட்டர் வழியா சக்தியைக் கடத்துறது எல்லாமே அந்த ஆயில்தான். லெவல் ஒரு லிட்டர் கம்மியானாக்கூட நீங்க சொன்ன அத்தனை தொந்தரவும் வரலாம். சூடானா ஆயில் இளகிடும், அப்போ லீக் அதிகமாகும், சூட்டுல மட்டும் மூணாவது கியர் நழுவுறது இதோட நல்லா ஒத்துப்போகுது.

உங்க வண்டியில கியர்பாக்ஸ் ஆயில் அளவு பாக்கிற டிப்ஸ்டிக் குச்சி இருக்கான்னு பாருங்க. இருந்தா, கொஞ்ச தூரம் ஓட்டி ஆயில் சூடானதும் சமமான இடத்துல நிறுத்தி, பிரேக்கை மிதிச்சுட்டு ஒவ்வொரு கியரா போட்டு ரெண்டு மூணு செகண்ட் விட்டு, திரும்ப பார்க்குக்கு வந்து, என்ஜின் ஓடிட்டு இருக்கும்போதே எடுத்துப் பாக்கணும். இதுதான் பொதுவான முறை. சில கம்பெனி என்ஜினை ஆஃப் பண்ணிட்டுப் பாக்கச் சொல்லும், அதனால மேனுவல்ல என்ன போட்டிருக்கோ அதையே செய்யுங்க. டிப்ஸ்டிக் இல்லாத வண்டின்னா அடியில லெவல் பிளக் இருக்கும், குறிப்பிட்ட டெம்பரேச்சர்ல அதைத் தொறந்து லேசா சொட்டுதான்னு பாக்கணும், அதுக்கு ஸ்கேனர்ல ஆயில் சூடு எவ்ளோன்னு தெரியணும், வீட்ல முயற்சி பண்ண வேண்டாம். ஆயில் ஜாஸ்தியா ஊத்தினாலும் கெடுதல்தான், உள்ள சுத்துற பாகம் அடிச்சு நுரையாக்கிடும், நுரையில பிரஷர் நிக்காது.

ஒரு சொட்டை எடுத்து வெள்ளை டிஷ்யூல விடுங்க. புதுசுல பெரும்பாலான ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில்) சிவப்பா இருக்கும். பிரவுன் ஆயிடுச்சுன்னா பழசு, மாத்த வேண்டிய நேரம், அதுக்காக பயப்பட வேண்டாம். கருப்பா இருந்து கருகின வாசனையும் அடிச்சா கிளட்ச் பிளேட் எரிஞ்சிருக்கு, அப்போ ஒர்க்ஷாப் சொன்னது சரியா இருக்கலாம். பால் கலந்த மாதிரி ரோஸ் கலர்ல இருந்தா ரேடியேட்டர் தண்ணி உள்ள போயிருக்கு, அப்படின்னா வண்டியை ஸ்டார்ட்டே பண்ணாதீங்க, இழுத்துட்டுத்தான் போகணும்.

மூன்றாம்கியர்:
ஆயில் பாக்கிறது ஓகே, ஆனா ஒண்ணேகால் லட்சம் கிலோமீட்டர் வரைக்கும் மாத்தாத ஆயிலா இருந்தா இப்போ மாத்தாதீங்க ப்ரோ. மாத்தின கொஞ்ச நாள்ல கியர்பாக்ஸ் மொத்தமா நின்ன கதை நிறைய கேட்டிருக்கேன். இருக்கிறது இருக்கிறபடி ஓடட்டும்.

ஆயில்கறை:
@மூன்றாம்கியர் அந்தக் கதை பொய்யில்ல நண்பா, ஆனா காரணம் வேற. பெரும்பாலும் கியர் நழுவ ஆரம்பிச்சு, கிளட்ச் தேஞ்சு, கடைசி நேரத்துலதான் ஆயில் மாத்துவாங்க. தேஞ்ச கிளட்சை புது ஆயில் காப்பாத்தாது, பழி மட்டும் ஆயில் மேல விழும். மிஷின் போட்டு பிரஷர்ல ஃப்ளஷ் பண்ணும்போது உள்ள படிஞ்ச அழுக்கு கிளம்பி வால்வு பாடிக்குள்ள (கியர் மாத்த ஆயிலைப் பிரிச்சு அனுப்புற பாகம்) போய் அடைக்கலாம்னு ஒரு பயமும் இருக்கு, அதனால பழைய வண்டிக்கு நானும் ஃப்ளஷ் சொல்ல மாட்டேன். பிளக்கைத் தொறந்து வர்றதை மட்டும் வடிச்சு அதே அளவு ஊத்துறதுல அந்த ஆபத்து இல்ல. ஒரு தடவ வடிச்சா பாதி ஆயில்கூட வராது, மிச்சம் டார்க் கன்வெர்ட்டர்லயே நிக்கும், அதனால கொஞ்சம் ஓட்டிட்டு திரும்ப ரெண்டு தடவ செய்யணும். மேனுவல்ல எந்த ஸ்பெக் போட்டிருக்கோ அதே ஆயில்தான், எல்லா வண்டிக்கும் சேரும்னு ஒரு டின்னைக் காட்டினா வாங்காதீங்க. சிவிடிங்கிற பெல்ட் டைப் ஆட்டோமேட்டிக்கோட ஆயிலும் சாதா ஏடிஎஃப்பும் வேற வேற, அதை மாத்தி ஊத்தினா உண்மையாவே கியர்பாக்ஸ் போயிடும்.

ஆயில் பேனை (கியர்பாக்ஸ் அடியில ஆயில் நிக்கிற தட்டு) கழட்டும்போது பக்கத்துலயே நில்லுங்க. உள்ள ஒரு காந்தம் இருக்கும், அதுல சாம்பல் கலர்ல மெழுகு மாதிரி ஒட்டியிருக்கிறது நார்மல் தேய்மானம், விரல்ல தேச்சா மையா வரும். நகத்துல எடுக்கிற அளவு பளபளன்னு துண்டு இருந்தாலோ, பேன்ல மஞ்சளா பித்தளைத் தூள் கிடந்தாலோ உள்ள புஷ், வாஷர் தேயுது. இந்த பேனை போட்டோ எடுத்து வச்சுக்குங்க, எந்த மெக்கானிக் சொல்ற வார்த்தையையும் விட இது பெரிய ஆதாரம்.

வண்டிக்காரன்:
அறுபது எழுபதுல வர்ற நடுக்கத்தைப் பத்தி யாரும் சொல்லலையே. அது டார்க் கன்வெர்ட்டருக்குள்ள இருக்கிற லாக்கப் கிளட்ச் (சீரா ஓடும்போது என்ஜினையும் கியர்பாக்ஸையும் நேரா இணைக்கிறது) பிடிக்கும்போது வர்ற நடுக்கமா இருக்கலாம், இல்ல என்ஜின்ல ஒரு சிலிண்டர் சரியா எரியாம மிஸ் ஆகிறதாவும் (மிஸ்ஃபயர்) இருக்கலாம், சீட்ல உக்காந்திருக்கிற நமக்கு ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். ஸ்பார்க் பிளக், காயில் மாத்தி முடிய வேண்டிய வேலைக்கு கியர்பாக்ஸை இறக்கினவங்க இருக்காங்க.

காலியான நேர் ரோட்டுல, பின்னாடி வண்டி எதுவும் இல்லாதப்போ, நடுக்கம் வர்ற நேரத்துல ஆக்சிலரேட்டரை அப்படியே வச்சுக்கிட்டு இடது காலால பிரேக்கை மெல்லத் தொடுங்க, வேகம் குறையுற அளவுக்கு மிதிக்க வேண்டாம், பிரேக் லைட் எரிஞ்சா போதும். லாக்கப் உடனே விட்டுடும், ஆர்பிஎம் லேசா ஏறும். அந்த நொடியே நடுக்கம் நின்னா சந்தேகம் லாக்கப் கிளட்ச் மேல. நிக்காம தொடர்ந்தா என்ஜின் பக்கம் போங்க. இதை மட்டும் நம்பிடவும் கூடாது, லாக்கப் விட்டதும் என்ஜின் மேல பாரம் குறையுறதால மிஸ்ஃபயர்கூட சில நேரம் அடங்கிடும். ஸ்கேனர்ல மிஸ்ஃபயர் கவுண்ட் ஏறுதான்னு பாத்தாதான் முழு உறுதி.

ஸ்கேன்னு சொன்னதும் கையடக்க ப்ளூடூத் ரீடர் ஒண்ணு வாங்கிடுவீங்க. அந்த மாதிரி ரீடர் பலதும் என்ஜின் கோடு (கோளாறு எண்) மட்டும்தான் படிக்கும். பி0700னு காட்டினா அது நோய் இல்ல, டிரான்ஸ்மிஷன் கம்ப்யூட்டர்ல கோடு பதிவாகியிருக்கு போய்ப் பாருங்கிற தகவல் மட்டும்தான். உள்ள இருக்கிறதைப் படிக்க டிரான்ஸ்மிஷன் மாட்யூலோட பேசுற ஸ்கேனர் வேணும். பி0741 வந்தா லாக்கப் கிளட்ச், பி0730 வந்தா கியர் ரேஷியோ ஒத்துப்போகல அதாவது எங்கயோ நழுவுது, பி0715, பி0720 வந்தா ஸ்பீட் சென்சர், இல்லன்னா அதோட ஒயரிங். கடைசி ரெண்டும் சின்ன வேலை.

பேட்டரியை விட்டுடாதீங்க. ராத்திரி முழுக்க நின்ன வண்டியில 12.6 வோல்ட் பக்கம் இருக்கணும், என்ஜின் ஓடும்போது 13.5ல இருந்து 14.5க்குள்ள. வோல்டேஜ் தள்ளாடினா சோலினாய்டு (ஆயில் வழியைத் தொறந்து மூடுற மின் வால்வு) சரியா வேலை செய்யாது, கம்ப்யூட்டரும் குழம்பும்.

சாலைப்பறவை:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி, இவ்ளோ விவரமா எழுதுவீங்கன்னு எதிர்பாக்கல. பாத்ததைச் சொல்றேன். என்ஜின் ரிவர்ஸ் போட்டதும் நல்லாவே எகிறுது, வலது பக்க மவுண்ட் ரப்பர்ல வெடிப்பு கண்ணுக்கே தெரியுது. பல்லு பிடிக்க நேரம் ஆகல. டிப்ஸ்டிக் இருக்கு, ஆயில் லோ மார்க்குக்குக் கீழ, கலர் நல்ல பிரவுன், ஆனா கருகின வாசனை இல்ல. பிரேக்கைத் தொட்டதும் நடுக்கம் சட்டுனு நின்னுடுச்சு. வேற ஒரு இடத்துல முழு ஸ்கேன் பண்ணினேன், மிஸ்ஃபயர் இல்ல, டிரான்ஸ்மிஷன்ல எந்தக் கோடும் இல்ல. பேட்டரி ஓகே. இப்போ என்ன வரிசையில செய்யணும்?

நட்டுபோல்ட்டு:
இதுல ஓவர்ஹாலுக்கு இப்போதைக்கு எந்த ஆதாரமும் இல்ல சகோ. மவுண்டை மாத்துங்க, தடக் சத்தம் அதோட போயிடணும். ஆயில் கம்மியாச்சுன்னா எங்கயோ வெளிய போயிருக்கு, என்ஜின் ஆயில் மாதிரி அது உள்ள எரிஞ்சு குறையாது, அதனால கூலர் பைப், பேன் கேஸ்கெட், ஆக்ஸில் சீல் மூணையும் லிஃப்ட்ல தூக்கிப் பாக்கச் சொல்லுங்க. லீக்கை அடைச்சுட்டு ஆயில்கறை சொன்ன மாதிரி வடிச்சு ஊத்துங்க, ஃபில்டர் கழட்டக்கூடியதா இருந்தா அதையும் மாத்திடுங்க. லாக்கப் நடுக்கம் பழைய ஆயிலால மட்டுமே வர்றது சகஜம்தான். கடைசியா ஸ்கேனர்ல அடாப்டேஷன் ரீசெட் (கம்ப்யூட்டர் பழகி வச்சிருக்கிற கியர் மாத்துற கணக்கை அழிக்கிறது) பண்ணச் சொல்லுங்க, அதுக்கப்புறம் கொஞ்ச நாள் கியர் முன்னப்பின்னதான் விழும், கம்ப்யூட்டர் புதுசா பழகுற நேரம் அது.

இதெல்லாம் முடிச்சும் சூட்டுல ரெண்டுல இருந்து மூணுக்கு மாறும்போது நழுவினா லைன் பிரஷர் டெஸ்ட் (கியர்பாக்ஸ் ஆயில் பிரஷரை அளக்கிறது) கேளுங்க, கேஜ் மாட்டி அளந்து ரீடிங்கை எழுதித் தரணும். பிரஷர் கம்மின்னா அடுத்து வால்வு பாடி, சோலினாய்டு, நிறைய வண்டியில அதை கியர்பாக்ஸை இறக்காமலே கழட்டலாம். அதுவரைக்கும் ஆர்பிஎம் எகிறுற மாதிரி அழுத்தி ஓட்டாதீங்க, ஒவ்வொரு தடவ நழுவும்போதும் கிளட்ச் கொஞ்சம் தேயுது. பேன் கழட்டுற அன்னைக்கு அந்த காந்தத்தோட போட்டோவை இங்க போடுங்க, பாத்துட்டு சொல்றோம்.