இருமுனைக் கோளங்கள் ஏன் திரவமாக மறுக்கின்றன?

கேள்வி:
வன்கோளங்களின் (ஒன்றுக்குள் ஒன்று புகாத கடினக் கோளங்கள்) மையத்தில் புள்ளி இருமுனைகளை (ஒரு முனை நேர்மின், மறுமுனை எதிர்மின்) வைத்து மான்டி கார்லோ (தற்செயல் நகர்வுகளால் கணிக்கும்) சிமுலேஷன் செய்து வருகிறேன். திசைகளைச் சராசரி எடுத்தால், இயற்பியலாளர் கீசம் காட்டியபடி, தூரத்தின் ஆறாம் அடுக்குக்கு எதிர்விகிதமான ஈர்ப்பு ஆற்றல் கிடைக்கிறது. எல்லா மூலக்கூறுகளுக்கும் இடையே உள்ள லண்டன் சிதறல் விசையின் வடிவமும் அதுவே என்பதால், குளிர்வித்தால் வாயுவும் திரவமும் பிரியும் என்று எதிர்பார்த்தேன். குறைத்த வெப்பநிலையை (வெப்ப ஆற்றலுக்கும், எதிர்த்திசையில் பக்கவாட்டில் தொட்டு நிற்கும் இணையின் ஆற்றலுக்கும் உள்ள விகிதம்) 0.2 வரை இறக்கியும் பிரிவு தென்படவில்லை. தொலைதூர விசைக்கு எவால்ட் கூட்டலையே பயன்படுத்துகிறேன். நிரலில் பிழை இருக்குமா?

பதில் 1:
நிரலைச் சந்தேகிப்பதற்கு முன் துகள்களின் அமைப்பைப் படமாக வரைந்து பாருங்கள். பெரும்பாலும் நீண்ட சங்கிலிகளைக் காண்பீர்கள். கீசம் சராசரி, இருமுனை ஆற்றல் வெப்ப ஆற்றலைவிடச் சிறிதாக இருக்கும்போது மட்டுமே பொருந்தும். நீங்கள் சொல்லும் 0.2-இல், தலையும் வாலுமாகத் தொட்டு நிற்கும் இணையின் ஆற்றல் வெப்ப ஆற்றலைப் போல் 10 மடங்கு. எதிர்த்திசையில் பக்கவாட்டில் நிற்கும் இணைக்கு 5 மடங்குதான். ஆகவே துகள்கள் தாராளமாகச் சுழலும் என்ற அனுமானமே அங்கு உடைந்துவிடுகிறது.

சங்கிலிக்குள் புகுந்த துகள் இரு பக்கத்து அண்டைத் துகள்களோடு நிறைவடைந்துவிடும். ஒழுங்காக வரிசைப்பட்ட நீண்ட சங்கிலியின் மின்புலம் பக்கவாட்டில் மிக விரைவாக மங்குவதால், இன்னொரு சங்கிலியை இழுக்க அதனிடம் அதிகம் மிச்சமில்லை. திரவமாவதற்கோ ஒவ்வொரு துகளுக்கும் எல்லாப் பக்கமும் பல அண்டைத் துகள்கள் வேண்டும். இத்தகைய சங்கிலிகளை இயற்பியலாளர்கள் டி ஜென்னும் பிங்கஸும் 1970-இலேயே எதிர்பார்த்தார்கள். 1993-இல் வந்த சிமுலேஷன்களிலும் அவையே தென்பட்டன. இங்கே சமநிலை மெதுவாகவே வரும் என்பதால், சங்கிலிகளை மொத்தமாக நகர்த்தும் படிகளையும் சேர்ப்பது நல்லது.

கேட்டவர்:
படத்தில் சங்கிலிகள்தான் தெரிகின்றன, நன்றி. அப்படியானால், இருமுனை கொண்ட அசிட்டோன் 56 டிகிரியிலும், ஏறத்தாழ அதே மூலக்கூறு எடையுள்ள பியூட்டேன் சுழியத்திற்குச் சற்றுக் கீழேயும் கொதிப்பதை எப்படி விளக்குவது?

பதில் 2:
உண்மையான மூலக்கூறுகள் அனைத்திலும் திசை பாராத சிதறல் விசை இருக்கிறது. இருமுனை அதன் மேல் கூடுதலாகவே சேர்கிறது. இதற்கு ஸ்டாக்மேயர் மாதிரி, அதாவது லெனார்ட்-ஜோன்ஸ் துகளோடு (மிக அருகில் விலக்கி, சற்றுத் தூரத்தில் சிதறல் விசையால் ஈர்க்கும் துகள்) சேர்ந்த இருமுனை, பொருத்தமானது: இருமுனை இல்லாதபோது சுமார் 1.31 ஆக இருக்கும் குறைத்த மாறுநிலை வெப்பநிலை (இதற்கு மேல் வாயு-திரவப் பிரிவு இல்லை; இங்கே அலகு லெனார்ட்-ஜோன்ஸ் ஆற்றல்), அதே அலகுகளில் குறைத்த இருமுனைத் திருப்புத்திறனின் (இருமுனையின் வலிமை) வர்க்கம் 1 ஆகும்போது ஏறத்தாழ 1.41 ஆகிறது. டைகுளோரோஎத்திலீனின் சிஸ் வடிவம் 60 டிகிரியிலும், இருமுனையற்ற டிரான்ஸ் வடிவம் 48 டிகிரியிலும் கொதிப்பதும் இதே போக்குதான். ஆனால் ஹைட்ரஜன் குளோரைடிலிருந்து அயோடைடுக்குப் போகும்போது இருமுனை குறைந்தும் கொதிநிலை ஏறுகிறது. அங்கே வெல்வது சிதறல் விசை. இருமுனையை மட்டும் வைத்துக் கொதிநிலையைக் கணிப்பவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் தடுமாறுகிறார்கள்.

உங்கள் நிரலில் சிதறல் ஈர்ப்புக்கு ஒரு பெருக்கெண் வைத்து, முழு அளவிலிருந்து படிப்படியாகக் குறைத்து ஓட்டுங்கள். ஆய்வாளர்கள் வான் லீயுவனும் ஸ்மிட்டும் இதைச் செய்தபோது, குறிப்பிட்ட அளவுக்குக் கீழே வாயு-திரவப் பிரிவு தென்படவில்லை.