ஞாயிறு பொட்டலத்தோடு நிறுத்திக்கொள்வதா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

குடந்தைவாசி:
வணக்கம். நாங்கள் ஆறு பேர், ஒன்றரை வருடமாக ஞாயிற்றுக்கிழமை மதியம் மகாமகக் குளக்கரையிலும் ரயிலடிப் பக்கமும் தெருவில் இருப்பவர்களுக்குச் சாப்பாட்டுப் பொட்டலம் கொடுக்கிறோம். போன வாரம் குளக்கரையில் வழக்கமாக உட்கார்ந்திருக்கும் பெரியவர் பொட்டலத்தை வாங்கிப் பக்கத்தில் வைத்துவிட்டு, "சோறு கோயில்ல கிடைச்சிடும் தம்பி, இந்தக் காலைப் பாரு" என்று வேட்டியை விலக்கிக் காட்டினார். கணுக்காலுக்கு மேல் சுற்றியிருந்த துணி புண்ணோடு ஒட்டிப்போயிருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போனால் கூட ஆள் இருக்கிறதா என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிடுகிறார்களாம். இத்தனை நாள் அவர் கையில் பொட்டலம் கொடுத்திருக்கிறேன், பெயர்கூடக் கேட்டதில்லை. அன்று ராத்திரி தூக்கமே வரவில்லை.

மாதம் எட்டாயிரம் ரூபாய் வரை எங்களால் போட முடியும். பொட்டலத்துக்கே செலவழிப்பதா, இந்த வேலையை முழுநேரமாகச் செய்கிறவர்களிடம் கொடுப்பதா?

வெண்ணாற்றங்கரை:
தம்பி, முதலில் அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள், மற்றதை அப்புறம் பேசலாம். கூட இருக்கும் ஆளாக உங்களில் ஒருவர் கையெழுத்துப் போட்டாலே பாதி வேலை முடிந்தது.

தஞ்சாவூரில் ஏழு வருடம் இந்த வேலையில் இருந்தவன் என்பதால் சொல்கிறேன். நன்கொடை கொடுப்பவர்கள் எல்லாருக்கும் போர்வையும் சாப்பாடும்தான் தோன்றும். எங்களுக்கு எப்போதும் தட்டுப்பாடாக இருந்தது ஆட்டோ காசு, ஜெராக்ஸ், போட்டோ, ஆஸ்பத்திரியில் இரண்டு ராத்திரி கூடப் படுக்கிற ஆளுக்குக் கூலி, வேலை கிடைத்தவருக்கு முதல் மூன்று மாத வாடகை. இதற்கு யாரும் கொடுக்க மாட்டார்கள், ஆனால் ஆள் கரையேறுவது இதில்தான். 60 வயது தாண்டியவருக்கு மாதாமாதம் அரசாங்கத்தின் முதியோர் உதவித்தொகை இருக்கிறது. அதை வாங்க ஆதார் வேண்டும், வங்கிக் கணக்கு வேண்டும், முகவரி வேண்டும். நடைபாதையில் படுப்பவர் எந்த முகவரியைக் கொடுப்பார்? அங்கீகாரம் பெற்ற தங்குமிடத்தில் சேர்ந்தால் அவர்கள் கொடுக்கும் சான்றிதழ் ஆதார் எடுக்க உதவும். நகரங்களில் வீடற்றோர் தங்குமிடம் லட்சம் பேருக்கு ஒன்று இருக்க வேண்டும் என்பது மத்திய அரசின் தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கத் திட்டம் வகுத்திருந்த விதி. மாநகராட்சி அலுவலகத்தில் போய் எங்கே இருக்கிறது, யார் நடத்துகிறார்கள் என்று கேளுங்கள். எட்டாயிரத்தை அவர்களிடம் மாதாமாதம் தவறாமல் கொடுங்கள். ஒரேயடியாக ஐம்பதாயிரம் வருவதைவிட அதுதான் அவர்களுக்கு உபயோகம், அதை நம்பி ஒரு ஆளை வேலைக்கு வைக்கலாம்.

முதியவர்களுக்கு 14567 என்ற உதவி எண் இருக்கிறது, குறித்துக்கொள்ளுங்கள்.

மாயவரத்துப்பெண்:
அண்ணா, என் சித்தப்பா நாலு வருடம் காணாமல் போயிருந்தார். மனநிலை சரியில்லாதவர். வடக்கே ஏதோ ஒரு ஊரில் தெருவில் இருந்தவரிடம் தன்னார்வலர் ஒருவர் தினமும் வந்து பக்கத்தில் உட்கார்ந்து டீ வாங்கிக் கொடுத்துப் பேச்சுக் கொடுத்திருக்கிறார். பாஷை புரியாது. ஆனால் சித்தப்பா திரும்பத் திரும்பச் சொன்ன ஒரே வார்த்தை "செம்பனார்கோயில்". அதைப் பிடித்துக்கொண்டு தபால் நிலைய எண்ணைத் தேடி அவர் போன் பண்ணியதால்தான் சித்தப்பா இன்று வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறார். சித்தப்பாவுக்கு அன்று பொட்டலம் மட்டும் கிடைத்திருந்தால் நாங்கள் இன்னும் தேடிக்கொண்டுதான் இருந்திருப்போம்.

இன்னொன்று. தெருவில் மனநலம் பாதித்துத் திரிபவரைப் பாதுகாத்து 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவ இடத்தில் சேர்ப்பது காவல் நிலையத்தின் கடமை என்று 2017 மனநலச் சட்டம் சொல்கிறது. லாக்கப்பில் வைக்கக் கூடாது, காணாமல் போனவர் என்று வழக்குப் பதிந்து குடும்பத்தைத் தேட வேண்டும். எங்களுக்கு அப்போது இது தெரியாது. வீட்டுக்கு வந்த பிறகும் மாத்திரை விட்டுப்போனால் மறுபடி கிளம்பிவிடுவார்கள், அதனால் சேர்த்துவைத்ததோடு விட்டுவிடாமல் மாதம் ஒரு போனாவது பண்ணுங்கள்.

ஆரூர்க்காரர்:
ஒரே ஒரு வேண்டுகோள். குளிப்பாட்டி முடி வெட்டி, முன்பு பின்பு என்று படம் எடுத்துப் போடாதீர்கள். அவருக்கும் ஊரில் சம்பந்தி, பேரன் இருப்பார்கள்.

குடந்தைவாசி:
எல்லாருக்கும் நன்றி. இன்று காலை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம், நான்தான் கையெழுத்துப் போட்டேன். சர்க்கரை நிறைய இருக்கிறதாம், காலை எடுக்க வேண்டியிருக்காது என்று டாக்டர் சொன்னார். நாச்சியார்கோயில் குத்துவிளக்குப் பட்டறையில் முப்பது வருடம் பாலிஷ் போட்டவராம் அவர். வார்டு வாசலில் இருந்த விளக்கைப் பார்த்துவிட்டு, "இது எங்க ஊர் வார்ப்பு இல்லை, அடித்தட்டைப் பாரு" என்று எனக்குத் தொட்டுக் காட்டினார். ராத்திரி நான் கூடப் படுக்கிறேன், நாளைக்கு இன்னொரு நண்பன். திங்கட்கிழமை மாநகராட்சிக்குப் போய்த் தங்குமிடத்தை விசாரிக்கிறேன். பட்டறைப் பக்கம் பழகியவர்கள் யாராவது இங்கே இருந்தால் சொல்லுங்கள், உட்கார்ந்து செய்கிற வேலை ஏதாவது இருந்தால் அவர் வரத் தயார்.