மகனுக்கு மாதாந்த இம்யூனோகுளோபுளின்: கிழக்கில் எங்கே ஏற்றலாம்?

வணக்கம். நாங்கள் திருகோணமலை, உப்புவெளி. மகனுக்கு 4 வயது, எடை 14 கிலோ. தாயிடமிருந்து வந்த பிறபொருளெதிரி (கிருமிகளை எதிர்க்கும் புரதம்) தீர்ந்ததும், ஆறு ஏழு மாதத்திலிருந்தே காதில் சீழ், நியூமோனியா என்று மாறி மாறி வந்தது. போன வருடம்தான் கொழும்பில் எக்ஸ்எல்ஏ (உடம்பு பிறபொருளெதிரியை உருவாக்காத பரம்பரை நோய்) என்று கண்டுபிடித்தார்கள். பிடிகே என்ற மரபணுவில் கோளாறு, இரத்தத்தில் ஐஜிஜி என்ற பிறபொருளெதிரி மிகக் குறைவு, அதை உருவாக்க வேண்டிய பி கலங்கள் இல்லவே இல்லை. டொக்டர் டோர்ச் அடித்து வாயைக் காட்டினார், பி கலங்கள் இல்லாததால் டோன்சில் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. (இந்த நோய் உள்ள பிள்ளைகளுக்குப் போலியோ சொட்டு மருந்து கொடுக்கக் கூடாது, கவனம்.)

நான்கு கிழமைக்கு ஒருமுறை 6 கிராம் இம்யூனோகுளோபுளின் (மற்றவர்களின் இரத்தத்திலிருந்து எடுத்த பிறபொருளெதிரி) ஏற்ற வேண்டும். ஏற்றிய புதிதில் நன்றாக ஓடி விளையாடுவான். நான்காம் கிழமை பச்சையாகச் சளி, இரவெல்லாம் இருமல், அப்புறம் காய்ச்சல். மருந்து பிந்தினால் வோர்ட்தான்.

தினமும் அன்டிபயோட்டிக் கொடுக்கிறோம். இங்கே ஆஸ்பத்திரியில் இம்யூனோகுளோபுளின் கேட்டோம், கையிருப்பில் இல்லை. வெளி பார்மசி விலை எங்களுக்குக் கட்டாது. காய்ச்சலோடு பிள்ளையை இரவு பஸ்ஸில் கொழும்புக்குக் கொண்டு போவதும் சரிவரவில்லை.

திருகோணமலையிலோ மட்டக்களப்பிலோ மாதாமாதம் தவறாமல் இந்த மருந்து ஏற்றும் பிள்ளை உங்களுக்குத் தெரிந்து இருக்கிறதா, எந்த ஆஸ்பத்திரியில்?