வீட்டு வாசலில் சிகரெட் கடை: உங்களுக்கு நடந்ததை எழுதுங்கள்

முரசுமோட்டையான்:
சிகரெட்டை விட்டு எட்டு மாதம். அப்போதுதான் எங்கள் ஒழுங்கை முகப்பில், படலையிலிருந்து நாற்பது அடியில், தகரக் கொட்டிலில் ஒரு பெட்டிக்கடை வந்தது. மூன்றாம் நாள் பாண் வாங்கப் போனேன். கடைக்கார அண்ணை முன்பு பரந்தன் சந்தியில் இருந்தவர், என் பழக்கம் தெரிந்தவர். பாணைப் பேப்பரில் சுற்றிவிட்டு, நான் வாய் திறக்க முன்னமே பெட்டியைத் தட்டி ஒன்றை நீட்டினார். "தம்பிக்கு இதுதானே?" கயிற்றில் தொங்கிய லைட்டர் காற்றில் ஆடியது. கை தானாகப் போய்ப் பிடித்துவிட்டது. பெட்டியில் 80 வீதம் நோய்ப்படம் போட வேண்டும் என்று இலங்கையில் சட்டம். ஒவ்வொன்றாக வாங்குகிறவன் அந்தப் படத்தை எங்கே பார்க்கிறான்? அது கடைக்காரரின் மேசையில் அல்லவா கிடக்கிறது!

நெடுங்கேணி அக்கா:
கடைக்காரரில் பழி போடாதீங்கோ தம்பி. நானும் கடைக்காரிதான். மீள்குடியேறி வந்த பிறகு என் பிள்ளைகள் படித்தது இந்தக் கடையால். சிகரெட்டுக்கு வருகிறவர்தான் தேத்தண்ணியும் குடிப்பார். ஆனால் ஒன்று மறக்க முடியவில்லை. பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையோடு எதிர்வீட்டுப் பெடியன் வந்தான். "அப்பாவுக்கு இரண்டு." 21 வயதுக்குக் குறைந்தவருக்கு விற்கக் கூடாது என்பது 2006 ஆம் ஆண்டுச் சட்டம். மாட்டேன் என்றேன். கையை விரித்தான், காசுத்தாள் வியர்வையில் சுருண்டிருந்தது. "அப்பா அடிப்பார்." அப்பவும் கொடுக்கவில்லை. அன்று பின்னேரம் முழுக்க அந்த வீட்டுப் பக்கமே காதைக் கொடுத்துக்கொண்டு இருந்தேன்.

கண்டாவளை வாசன்:
சந்தியை விட்டு மனைவியின் வளவுக்கு மாறினேன். கடை இரண்டரைக் கிலோமீட்டர். ஒரு மழை இரவு சைக்கிளை எடுத்தால் ரயரில் காற்றில்லை. போய்ப் படுத்துவிட்டேன், அதோடு விட்டது.
முரசுமோட்டைத் தம்பிக்குச் சொல்கிறேன்: பின்லாந்தில் ஓர் ஆய்வு செய்து 2016 இல் வெளியிட்டார்கள். வீட்டுக்கும் கடைக்கும் நடைதூரம் 500 மீட்டர் கூடினாலே விடுகிறவர்கள் கூடுகிறார்கள். அதனால் அந்தக் கடைப் பக்கமே போகாதீர்கள். பாணுக்கு வேறு வழியால் போங்கள். ஆசை வந்தால் ஐந்து நிமிடம் தாக்குப்பிடியுங்கள், தண்ணீர் குடியுங்கள், தணியும். சட்டைப்பையில் சில்லறை வைக்காதீர்கள். கடன் கொப்பியில் பெயர் இருந்தால் முதலில் கணக்கை முடித்து வெட்டச் சொல்லுங்கள். பழைய கூட்டாளிகளோடு கொஞ்ச நாள் மதகில் குந்தாதீர்கள். வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள்.

மாங்குளம் மகள்:
தூரம் போனால் விடுவார்கள் என்று எல்லோருக்கும் சொல்ல முடியாது, வாசன் அண்ணை. எங்கள் வீடு காட்டோரம், கடைக்கு நாலு கட்டை. அப்பா சந்தைக்குப் போகிற நாளில் பீடியைக் கட்டுக் கட்டாக வாங்கி வந்துவிடுவார். மாரியில் நமுத்துவிடும் என்று பொலித்தீனில் சுற்றி அரிசி வாளிக்குள் புதைப்பார். சோறு போட அரிசி அள்ளினால் சுண்டில் பீடிக்கட்டு தட்டுப்படும். இருமி இருமிப் போய்ச் சேர்ந்தார். இன்றைக்கும் அரிசி அள்ளும்போது விரல் ஒரு கணம் தயங்கும்.

முரசுமோட்டையான்:
வாசன் அண்ணை, எங்கள் ஒழுங்கைக்கு ஒரே வாசல்தான், வேறு வழி இல்லை. பாணை நிறுத்திவிட்டோம், காலையில் புட்டு. கடையைக் கடக்கும்போது அண்ணை கை காட்டுவார், நானும் காட்டுவேன், சைக்கிளை நிறுத்துவதில்லை. இன்றோடு பதினொரு நாள்.