டொக்டரைப் பத்தி நானும் கொஞ்சம்

எல்லாருக்கும் வணக்கம். டொக்டர் மோசம் போன நாளில இருந்து ஊரில ஆரோட கதைச்சாலும் "கைராசியான மனிசன்" எண்டுதான் சொல்லுறாங்க. அவன் உயிரோட இருந்து இதைக் கேட்டிருந்தா ஏசியிருப்பான். அவனோட ஒண்டாப் படிச்சவன் எண்ட உரிமையில எழுதுறன், அவன்ட கையில ராசி கீசி ஒண்டும் இருக்கயில்ல.

யாழ்ப்பாணம் மெடிக்கல் பகல்ற்றி 1978ல தொடங்கினது, நம்மட பக்கம் சூறாவளி அடிச்ச அதே வருசம். நாங்க போன நேரம் 90க்குப் பிறகு, கரண்ட் இல்ல, சவுக்காரம் கூட யானை விலை, மட்டக்களப்பில இருந்து போறதெண்டா வவுனியாவால சுத்திப்போய் கிளாலிக் கடலேரியை ராவில வள்ளத்தில கடக்கணும். படிப்பு ஜாம் போத்தல் விளக்கிலதான், அதுக்கும் மண்ணெண்ணெய் அளந்துதான் ஊத்துறது. இவன் என்ன செய்வான் எண்டா மணிக்கட்டில இரிக்கிற எட்டுச் சின்ன எலும்பையும் சாறன் மடியில கட்டி வெச்சிருந்து, விளக்கை நூத்தாப் பிறகு ஒவ்வொண்டாத் தடவிப் பார்த்து இது இந்த எலும்பு, இடக்கை, இது வலக்கை எண்டு சொல்லிக்கொண்டு கிடப்பான். நித்திரை கொள்ள விடமாட்டான். ஆனா பட்ச்சில முதலாம் ஆள் எல்லாம் இல்ல, நடுவில கிடந்தவன்தான். வைவாவில, அதான் வாய்மொழிச் சோதனையில, வாய் திக்கும்.

படிச்சி முடிச்சி படுவான்கரையில, வாவிக்கு மேற்குப் பக்கம், சின்ன ஆஸ்பத்திரி ஒண்டுக்கு வந்தான். வேளாண்மை வெட்டுற காலம் வந்தா பாம்புக்கடிதான். புடையன் (கண்ணாடி விரியன்) கடிச்சா ரத்தம் உறையாது, அதைக் கண்டுபிடிக்கப் பெரிய மெசின் தேவையில்ல: ரெண்டு மில்லி ரத்தத்தை காய்ஞ்ச கண்ணாடிக் குழாயில எடுத்து 20 நிமிசம் அசைக்காம வெச்சிட்டு ஒருக்காச் சரிச்சுப் பார்க்கிற, தண்ணி மாதிரி ஓடினா விசம் ஏறிட்டுது எண்டு அர்த்தம், உடனே மருந்து தொடங்கணும். பிளாஸ்டிக் குழாய் சரிவராது, சவுக்காரம் போட்டுக் கழுவினதும் சரிவராது, பிழையான ரிசல்ட் காட்டும். அதுக்காகவே குழாயெல்லாம் தன்ட அலுமாரியில பூட்டி வெச்சிருப்பான், ஆராவது தொட்டா அண்டைக்கு வார்ட்டே அதிரும்.

அந்த 20 நிமிசந்தான் கஷ்டம். வெளியில தாய்மார் தலையில அடிச்சிக் கத்துறாங்க, "மருந்தை ஏத்துங்க டொக்டர்" எண்டு வயல்காரப் போடியார் ஒரு பக்கம் சத்தம் போடுறார், இவன் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நிப்பான். கல்நெஞ்சன் எண்டு பேர் கூட எடுத்தவன். ஆனா கடிச்ச எல்லாப் பாம்பும் விசம் விடுறதில்ல, அந்த மருந்தே சில பேருக்கு ஒத்துக்கொள்ளாம பிரசர் விழுந்து ஆளைக் கொண்டு போயிரும், தேவையில்லாம ஏத்தக்கூடாது.

எண்ணெய் விரியன் (கட்டு விரியன்) வேற மாதிரி. வாடியில, வயல் குடிசையில, நிலத்தில படுத்தவன் விடிய வயித்துக்குத்து எண்டு வருவான், கடிச்ச அடையாளமே இருக்காது. மற்ற ஆக்கள் கேஸ்றிக் குளிசை குடுத்து அனுப்பியிருப்பாங்க. இவன் கேட்கிற முதல் கேள்வி, "ராவு எங்க மனே படுத்த? பாயிலயா?" மறுகா கண் இமை விழுகுதா எண்டு பார்ப்பான். சண்டை முடிஞ்ச கையோட அப்பிடி வந்த ஒரு பொடியனுக்கு மூச்சு நிக்கத் தொடங்கிட்டுது. அப்ப மண்முனையில பாலம் இல்ல, அது 2014லதானே திறந்தது, பாதைக்காரரை எழுப்பி அம்புலன்சைப் பாதையில (வாகனம் ஏத்துற மிதவை) ஏத்தி வாவியைக் கடக்கிற நேரம் முழுக்க இவனும் அற்றெண்டனும் மாறி மாறி மூச்சுப் பலூனை அமத்தினவங்க. பொடியன் தப்பினான். ஊர் சொன்னது கைராசி. எனக்குப் போன் எடுத்து, "ராசியாம்டா, ரெண்டு நாளா என்ட விரலை மடக்க ஏலாமக் கிடக்கு" எண்டு ஏசினான்.

தங்கமான குணம் எண்டெல்லாம் நான் பொய் சொல்லமாட்டன். கோவக்காரன், கலியாண வீட்டுக்கு வரமாட்டான், பரியாரியிட்ட விசக்கல்லு வெச்சிட்டுப் பிந்தி வாற சனத்தை அவன் பேசுற பேச்சு இஞ்ச எழுத ஏலாது. கட்டாத, வெட்டாத, கடிச்ச காலை அசைக்காம நேர ஆஸ்பத்திரிக்குக் கொண்டா, பாம்பைப் பிடிச்சிக்கொண்டு வராத எண்டு சொல்லிச் சொல்லியே தொண்டை வத்தினவன்.

சங்கத்தால சிலை வைக்கிற கதை அடிபடுகுது, எனக்கு விருப்பமில்ல. அந்தக் காசுக்கு வாடிகளில படுக்கிற ஆக்களுக்கு நுளம்பு வலை வாங்குவம், பாய்க்கு அடியில சுத்திச் செருகிப் படுத்தா விரியன் உள்ள வராது. தை மாசம் வெட்டுத் தொடங்க முன்னம் குடுத்து முடிக்கணும். 31ஆம் நாள் நினைவுக்கு ஊருக்குப் போறாக்கள் எந்த வயல் வட்டையில எத்தனை வாடி இரிக்கு எண்டு பார்த்துச் சொல்லுங்க, என்ட பங்கை இந்தக் கிழமையே அனுப்புறன்.